பாபியின் கால், அப்பாவின் கால்

வானொலியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் பேசினாலும், பேச்சோடு சேர்த்துப் பின்னால் கேட்கும் சத்தத்தையும் காது பிடித்துக்கொள்ளும். நேயர் ஒருவர் அழைத்தால் அவர் அடுப்படியில் நிற்கிறாரா, காரில் போகிறாரா, பக்கத்தில் தொலைக்காட்சி ஓடுகிறதா என்று பத்து வினாடியில் சொல்லிவிடுவேன். பதினோரு ஆண்டுகளாக இதுதான் என் பிழைப்பு.

அப்படிப்பட்ட காதில் ஒரு சத்தம் மட்டும் விழாமல் போனது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மெர்போக்கில் இருக்கும் அப்பா, ஞாயிறுதோறும் புலனத்தில் குரல் பதிவு அனுப்புவார். எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவதற்கு அவருக்குப் பொறுமை கிடையாது. மழை பெய்ததா, தஞ்சோங் டாவாயில் மீன் என்ன விலை, யார் வீட்டில் கல்யாணம், யார் தவறிப்போனார்கள், எல்லாம் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். கடைசியில் பாபியைப் பற்றி ஒரு வரி இருக்கும்.

பாபி எங்கள் வீட்டு நாய். வெளிர் பழுப்பு நிறம், ஒரு காது நின்றிருக்கும், ஒரு காது மடிந்திருக்கும். எந்த இனம் என்று கேட்டால் அப்பா, "நம்ம இனம்தான்" என்பார். செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் குட்டியாகக் கிடந்ததைத் தூக்கி வந்து வளர்த்தது.

அந்த ஞாயிற்றுப் பதிவில் அப்பா சொன்னார்: "பாபி முன்னங்கைய நக்கிக்கிட்டே இருக்கான்மா. என்னான்னு தெரியல."

நான் பதில் அனுப்பினேன்: "சும்மா நக்குவான்பா. பழக்கமாயிருக்கும்."

இடுக்கில் இருந்த முள்

இரண்டு வாரம் கழித்து விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். வடக்கு நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில் ஜெராய் மலை கண்ணில் பட்டதும் எனக்கு வீடு வந்துவிட்டது போலத்தான். வாசலில் காரை நிறுத்தினால் போதும், பாபி ஓடி வந்து கதவிலேயே ஏறிவிடுவான். அன்று ஓடி வரவில்லை. மூன்று காலில் தத்தித் தத்தி வந்தான். வால் மட்டும் வழக்கம்போல் ஆடியது.

உட்கார வைத்து முன்காலைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு விரல்களுக்கு நடுவே கொண்டைக்கடலை அளவுக்குச் சிவந்த கட்டி. பக்கத்தில் இன்னொன்று உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. சுற்றியிருந்த வெளிர் முடியெல்லாம் துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருந்தது. அந்தச் செந்நிறம் எச்சிலால் வருவது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். வெளிர் நிற நாய் ஓர் இடத்தைப் பல நாள் தொடர்ந்து நக்கினால் அங்கே முடி செம்பழுப்பாகிவிடும். "நான் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்று பாபி காலிலேயே எழுதி வைத்திருந்தான். நாங்கள்தான் படிக்கவில்லை.

சுங்கைப்பட்டாணியில் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். இளம் சீனப் பெண். மேசைமேல் ஏற்றியதும் பயத்தில் பாபி நடுங்கினான். எஃகு மேசையில் அவன் பாதச்சுவடு ஈரமாகப் பதிந்தது. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதத்தின் அடிமெத்தையில்தான் இருக்கின்றன. பயந்தால் அங்கே ஈரமாகும். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது நமக்கு உள்ளங்கை வியர்ப்பது போலத்தான்.

மருந்து போட்டு மரத்துப்போகச் செய்து, கட்டியைத் திறந்து, கிடுக்கியால் எதையோ இழுத்தார். கறுப்பாக ஒரு துண்டு, தீக்குச்சியில் பாதிகூட இருக்காது. அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்த உடனே சொன்னார்: "செம்பன மட்ட முள்ளு."

செம்பனை மட்டையின் அடிப்பகுதியில் வரிசையாக இருக்குமே, அந்த முள். வெட்டி அடுக்கிய மட்டைகளின் மேல் பாபி பெருச்சாளியைத் துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறான். மேலே இருந்த புண் ஆறிவிட்டது. முள் உள்ளேயே தங்கிச் சீழ் வைத்துவிட்டது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் சீழ் எலும்புவரை போயிருக்கும் என்றார் மருத்துவர்.

புறப்படும்போது அப்பாவைப் பார்த்து அவர் மலாயில் சொன்னார்: "அங்கிள், ஹாரி-ஹாரி தெங்கோக் காக்கி." தினமும் காலைப் பாருங்கள்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. ஏனென்றால் இதே வார்த்தையை, இதே வரிசையில், இன்னொருவரிடமும் நாங்கள் கேட்டிருக்கிறோம்.

வலித்தும் சொல்லாதது, வலிக்காததால் சொல்லாதது

அப்பா முப்பத்திரண்டு ஆண்டு பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன் பெரட்டுக்கு நின்று, இருட்டோடு இருட்டாக மலைக்காட்டில் ஏறி, மரம் மரமாக நடந்து, பிறகு அதே மரங்களைச் சுற்றி மங்கில் இருந்த பாலை எடுத்து, காண்டா தூக்கி வந்தவர். எத்தனை மைல் நடந்திருப்பார் என்று யாரும் கணக்கு எழுதவில்லை. கணக்கு அவர் பாதத்தில்தான் இருந்தது. குதிகால் முழுக்க வெடிப்பு. சின்ன வயதில் அந்த வெடிப்பில் ஐந்து காசை நிற்க வைத்து நானும் தம்பியும் விளையாடியிருக்கிறோம். அப்பாவும் சிரித்துக்கொண்டே காலை நீட்டிக்கொண்டிருப்பார்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகள் போயின. நாங்கள் தாமான் வீட்டுக்கு மாறினோம். அப்பாவுக்கு இனிப்பு நீர் வந்தது அதற்குப் பிறகுதான். வந்தது எப்போது, கண்டுபிடித்தது எப்போது என்பது வேறு வேறு. நம் வீடுகளில் இது புதுக் கதை இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய மூவரில் ஒருவர்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுப் பதிவில் அப்பா, "செருப்பு கடிச்சிருச்சும்மா, சுண்டு விரல்ல" என்றார். நான் ஒலிபரப்பில் இருந்தேன். இரண்டு பாட்டுக்கு நடுவில் பதில் போட்டேன்: "மருந்து போடுங்கப்பா." மூன்றே வாரத்தில் வலது கால் சுண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

மருத்துவமனையில், "இவ்வளவு நாள் பார்க்கவே இல்லையா?" என்று கேட்டார்கள். அப்பா சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "வலிக்கல டாக்டர்."

அவர் பொய் சொல்லவில்லை. நீண்ட நாள் சர்க்கரை கூடுதலாக இருந்தால் காலில் உள்ள நரம்புகள் உணர்ச்சியை இழந்துவிடும். ஆணி குத்தினாலும் தெரியாது, சுடுதண்ணீர் பட்டாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைவதால் சின்னப் புண்கூட ஆறாது. அப்போதுதான் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு தாதி அப்பாவிடம், "ஹாரி-ஹாரி தெங்கோக் காக்கி" என்று சொன்னார். விரல் இடுக்கைத் துடைத்து ஈரமில்லாமல் வைக்க வேண்டும், வெறுங்காலோடு நடக்கக் கூடாது, அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் விளக்கினார். அப்பா தலையை ஆட்டினார். ஒரு மாதம் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

காரில் திரும்பி வரும்போது இதுதான் என் மனதில் ஓடியது. பாபிக்கு வலித்தது, ஆனால் சொல்ல முடியவில்லை. அப்பாவுக்கு வலிக்கவில்லை, அதனால் சொல்லவில்லை. இரண்டு காலுக்கும் தேவை ஒன்றே ஒன்றுதான். யாராவது குனிந்து பார்க்க வேண்டும்.

என் படிப்பும் ஒரு ரப்பர் வளையமும்

முதல் நாள் இரவே நான் ஒரு தவறு செய்தேன். மருத்துவர் பாபியின் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு ஒன்றை மாட்டி அனுப்பியிருந்தார், நக்காமல் இருக்க. தெருப் பிள்ளைகள், "பாபி தலையில அஸ்ட்ரோ தட்டு" என்று கூடி நின்று சிரித்தார்கள். பாபி கூம்போடு கதவில் முட்டி, நாற்காலியில் முட்டி, பாவமாக நின்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. கூம்பைக் கழற்றிவிட்டு, பழைய காலுறை ஒன்றை அவன் காலில் மாட்டி, கழன்று போகாமல் இருக்க ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டேன். பட்டம் படித்தவள் அல்லவா, புத்திசாலித்தனமான வேலை செய்ததாக எனக்கு நினைப்பு.

விடியற்காலை அம்மா எழுப்பினார். "பாபி கால வந்து பாரு." பாதம் பன் ரொட்டி போல் வீங்கியிருந்தது. வளையம் ரத்தத்தைத் தடுத்துவிட்டது. அப்பா ஒன்றுமே சொல்லாமல் கத்தரிக்கோலால் வளையத்தை வெட்டி எடுத்தார். முப்பத்திரண்டு ஆண்டு ரப்பரோடு வாழ்ந்தவர், "ரப்பரு இறுக்கிக்கிட்டே போகும்மா" என்று மட்டும் சொன்னார். நல்ல வேளை, சில மணி நேரத்தில் வீக்கம் வடிந்தது. கூம்பு மறுபடியும் கழுத்துக்குப் போனது.

அதற்குப் பிறகுதான் நான் பாடம் சொல்வதை நிறுத்திவிட்டுப் பாடம் கேட்க ஆரம்பித்தேன். மறுமுறை கட்டுப் போடப் போனபோது ஒரு பட்டியலோடு மருத்துவரிடம் உட்கார்ந்தேன். வீட்டில் நாய் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே சொல்கிறேன்.

நாய் நம்மைப் போல் முழுப் பாதத்தையும் ஊன்றி நடப்பதில்லை, விரல்களால்தான் நடக்கிறது. ஒவ்வொரு விரலுக்குக் கீழும் ஒரு சின்ன மெத்தை, நடுவில் ஒரு பெரிய மெத்தை. அந்த மெத்தைத் தோல் தடிப்பானது. ஆனால் அது இரும்பு இல்லை. உச்சி வெயிலில் தார்ச்சாலை காற்றைவிட மிக அதிகமாகச் சுடும். புறங்கையைச் சாலையில் ஏழு வினாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் நாய்க்கும் முடியாது. கெடாவில் ஆண்டுத் தொடக்கத்தில் வரும் வறட்சி மாதங்களில் வெயில் ஏறுவதற்கு முன், அல்லது சாலை ஆறிய பிறகு நடக்க வைப்பதுதான் நல்லது. மெத்தை கறுத்தோ, கொப்புளம் போட்டோ, தோல் உரிந்தோ இருந்தால் அது சூட்டுப் புண். சாதாரணக் குளிர்ந்த நீரில் நனைக்க வேண்டும், பனிக்கட்டி வைக்கக் கூடாது.

வெயில் இல்லாத ஊரிலும் இதே கவலைதான். அலாஸ்காவில் நடக்கும் இடிடராட் என்ற பனிவண்டிப் பந்தயத்தில் நாய்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பனியில் ஓடும். ஒவ்வொரு நாய்க்கும் எட்டுக் காலணிகளை வண்டியோட்டி எடுத்துச் செல்ல வேண்டும் என்பது விதி. இதை அப்பாவிடம் சொன்னபோது, "நாலு காலுக்கு எட்டு சப்பாத்தா? எனக்கு ரெண்டு காலுக்கு ஒன்னும் இல்லாமத்தான் மலையேறினேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அடுத்தது நகம். சிமெண்டுத் தரையில் நடக்கும்போது நாயின் நகம் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் வளர்ந்துவிட்டது என்று பொருள். நகம் நீண்டால் விரல் பக்கவாட்டில் திரும்பும், நடை மாறும், மூட்டும் கெடும். நகத்துக்குள்ளே ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். பாபிக்கு இருப்பது போன்ற கறுப்பு நகத்தில் தெரியாது. அதனால் நுனியில் மெல்லிசாக, கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட வேண்டும். வெட்டிய முகத்தின் நடுவில் கரும்புள்ளி தெரிந்தால் அங்கே நிறுத்திவிட வேண்டும். தவறிப்போய் ரத்தம் வந்தால் சோளமாவைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். முன்காலின் உள்பக்கம், சற்று மேலே, ஒரு கட்டைவிரல் நகம் இருக்கும். அது தரையில் படாததால் தேயாது. வளைந்து சதைக்குள்ளேயே இறங்கிவிடும். பலர் அதை மறந்துவிடுகிறோம்.

மூன்றாவது, விரல் இடுக்கு. முள், லாலான் புல், சின்னக் கல், எல்லாம் தங்கும் இடம் அதுதான். உண்ணிக்கும் மிகப் பிடித்த இடம். உண்ணி ரத்தத்தை மட்டும் குடிப்பதில்லை, காய்ச்சலையும் கொடுத்துவிட்டுப் போகும். தோட்டத்தில் நாங்கள் என்ன செய்வோம்? மண்ணெண்ணெய் ஊற்றுவோம். சொறி பிடித்தால் மோட்டாரிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய் பூசுவோம். இதைச் சொன்னதும் மருத்துவர் கண்ணை மூடித் திறந்தார். நாய் காலை நக்கும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். காலில் பூசுவது எல்லாம் வயிற்றுக்குப் போகும். மண்ணெண்ணெய், கிருமிநாசினித் திரவங்கள், நம் புண்ணுக்குப் போடும் களிம்புகள், எதுவும் வேண்டாம். உண்ணியைக் கிடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மாதந்தோறும் எடைக்கு ஏற்பக் கொடுக்கும் உண்ணி மருந்து கால்நடை மருத்துவரிடம் கிடைக்கும்.

இன்னொன்றையும் அவர் அழுத்திச் சொன்னார். நொண்டுகிற நாய்க்கு நம் வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. நமக்குச் சாதாரணமாகத் தெரியும் பாராசிட்டமோலும் இபுபுரோபனும் நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுத்துவிடும், உயிரையும் வாங்கிவிடும்.

பழகிய நாயும் கடிக்கும்

காலைத் தொட்டுப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை. வலியில் இருக்கும் நாய், வளர்த்தவரையும் கடிக்கும். அது துரோகம் இல்லை, வலி. வலிக்கும் காலைக் கடைசியாகத் தொடுங்கள். ஒருவர் தலையைத் தடவிக்கொண்டிருக்க, இன்னொருவர் பார்க்கட்டும்.

வட மாநிலத்துக்காரர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். 2015ஆம் ஆண்டு ஜூலையில் பெர்லிஸில் வெறிநாய்க்கடி நோய் கண்டுபிடிக்கப்பட்டு, கெடாவுக்கும் பினாங்குக்கும் பரவியது பலருக்கு நினைவிருக்கும். அப்போது எங்கள் வீட்டில் இருந்தவன் பாபிக்கு முந்தியவன். ஊரில் தெருநாய்களைப் பிடிக்கிறார்கள் என்று கேட்டதும் அப்பா அவனை இரவு பகலாகக் கட்டி வைத்து, தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்தார். பயத்தைவிடத் தடுப்பூசியும் உரிமமும் கழுத்துப் பட்டையும்தான் நாயைக் காப்பாற்றும் என்று அன்று தெரிந்துகொண்டோம். நாய் கடித்தாலோ, பல் பட்டுக் கீறினாலோ, ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது.

மழைக்காலத்துக்கும் ஒரு வார்த்தை. தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால் அதில் உள்ள கிருமி, காலில் இருக்கும் சிறு கீறல் வழியாக உடம்புக்குள் போகும். கென்சிங் திக்குஸ் என்று நாம் பயப்படுகிறோமே, அதுதான். அந்தக் கிருமி நாய்க்காலா, மனிதக்காலா என்று பார்ப்பதில்லை. வெடிப்பு இருந்தால் போதும்.

இரண்டு பேசின்

கட்டுப் பிரித்த பிறகு, தினமும் மாலையில் பாபியின் காலைக் கழுவுவது அப்பாவின் வேலையானது. ஆறரை மணிக்குப் பின்வாசல் படியில் உட்காருவார். ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், பழைய துண்டு, சின்னக் கைவிளக்கு. ஒவ்வொரு காலாக நனைத்து, விரல் விரலாகப் பிரித்து, விளக்கடித்துப் பார்த்து, துடைத்து, "அடுத்தது" என்பார். முதல் வாரம் முரண்டு பிடித்த பாபி, கழுவி முடித்ததும் ஒரு நெத்திலிக் கருவாடு கிடைக்கும் என்று தெரிந்த பிறகு தானே காலை நீட்ட ஆரம்பித்தான்.

பக்கத்து வீட்டு மாக் சிக் நாயைத் தொடமாட்டார். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டே தினமும், "இன்றைக்குக் கால் எப்படி?" என்று மலாயில் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். பாபி நொண்டுவதை முதலில் கவனித்து அப்பாவிடம் சொன்னவரே அவர்தான் என்று பிறகு தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. தொடாதவர் கண்ணில் பட்டது, தினமும் காதைத் தீட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் எனக்குப் படவில்லை.

நான் கோலாலம்பூருக்குத் திரும்பும் முதல் நாள் மாலை. அப்பா பாபியின் நான்காவது காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா இன்னொரு பேசினைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் 'டக்' என்று வைத்தார்.

"இது எதுக்கு?"

"அதான் நாய்க்கு வெளிச்சம் போட்டுப் பாக்குறீங்கல்ல. அதே விளக்கால இந்தக் காலையும் பாருங்க."

"எனக்கு ஒன்னும் இல்ல லா."

"அவனும் ஒன்னும் இல்லன்னுதான் வால ஆட்டிக்கிட்டு இருந்தான்."

அப்பா பதில் சொல்லவில்லை. கால்சட்டையை மடித்துவிட்டார். நான் படியில் இறங்கி உட்கார்ந்தேன். தண்ணீர் சூட்டை என் முழங்கையால் பார்த்தேன், அவர் காலுக்குச் சூடு தெரியாது என்பதால். முப்பத்து ஐந்து வயதில், முதன்முறையாக அப்பாவின் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஐந்து காசு நின்ற வெடிப்புகள் அப்படியே இருந்தன. சுண்டு விரல் இருந்த இடம் வழுவழுப்பாக மூடியிருந்தது. தாதி சொன்னபடி ஊற வைக்காமல் கழுவி, விரல் இடுக்கில் ஈரமில்லாமல் துடைத்தேன். அப்பா என்னைப் பார்க்காமல் ஜெராய் மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சம். நான்கு கால் முடித்துக் கருவாட்டுக்குக் காத்திருந்த பாபி, வந்து அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டான்.

"எனக்குக் கருவாடு கிடையாதா?" என்றார் அப்பா.

அன்றிரவு அந்தப் பழைய குரல் பதிவை மறுபடியும் போட்டுக் கேட்டேன். "பாபி முன்னங்கைய நக்கிக்கிட்டே இருக்கான்மா." அப்பா குரலுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் நகச் சத்தம். டக், டக், டக். பிறகு ஓர் இடைவெளி. மறுபடியும் டக், டக், டக். நான்கு கால் நடக்கும் வீட்டில் மூன்று காலின் சத்தம் மட்டும். அது அந்தப் பதிவில் அப்போதே இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய "செருப்பு கடிச்சிருச்சு" பதிவைத் தேடிப் பார்த்தேன். கைத்தொலைபேசியை மாற்றியபோது அது அழிந்துவிட்டிருந்தது.

இப்போது ஞாயிற்றுப் பதிவில் ஒரு புதுப் பகுதி சேர்ந்திருக்கிறது. தஞ்சோங் டாவாய் மீன் விலைக்கும் கல்யாணச் செய்திக்கும் பிறகு, "கால் செய்தி" என்று அப்பாவே பெயர் வைத்திருக்கிறார், நான் வானொலியில் சொல்லும் தோரணையிலேயே. போன வாரச் செய்தி இது:

"பாபிக்கு நாலு காலும் நல்லா இருக்கு. ஒரு உண்ணி, எடுத்தாச்சு. எனக்கு இடது குதிகால்ல ஒரு வெடிப்பு, கொஞ்சம் ஆழமா இருக்கு. வலிக்கல. வலிக்கலங்கறதால நாளைக்குக் காலைல கிளினிக்கு போறேன்."

நான் ஒலிபரப்பில் இருந்தேன். இரண்டு பாட்டுக்கு நடுவில் வெளியே வந்து, அவரை அழைத்தேன்.